மழைக்காலத்தில் நிறுத்தி வைக்கும் கேம்பர் வேனின் பெட்டரி: மலையகத்தில் வண்டி வைத்திருப்போருக்கு ஒரு முழு வழிகாட்டி

சித்திரை சீசன் முடிந்து நுவரெலியாவில் கூட்டம் கலைந்ததும், மலையகத்தில் கேம்பர் வேன் வைத்திருப்பவர்கள் பலர் வண்டியை ஓரங்கட்டிவிடுவார்கள். மே மாதக் கடைசியில் தென்மேல் பருவமழை இறங்கிவிட்டால் ஹட்டன், நோர்வூட், தலவாக்கலைப் பக்கம் வண்டிக்குள் படுத்துத் தூங்க யாரும் வரமாட்டார்கள். சிலர் வண்டியை அறுகம்குடாப் பக்கம் இறக்கி அங்கே சீசன் பார்ப்பார்கள். மற்றவர்களுடைய வண்டி செப்டெம்பர் வரையிலோ, சில வேளை டிசம்பர் வரையிலோ கொட்டகையில்தான். டயர், பெயின்ட், திரைச்சீலை எல்லாம் அதைத் தாங்கிவிடும். பெட்டரி தாங்காது.

இதற்கு எங்கள் ஊர்களில் வழக்கமாகச் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடுங்க, போதும்." கராஜில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், பக்கத்து வீட்டு அண்ணனும் இதைத்தான் சொல்வார். போதாது. உண்மையில் இப்படிச் செய்தே நிறையப் பேர் நல்ல பெட்டரியை ஒரே மழைக்காலத்தில் முடித்துவிடுகிறார்கள். முழுதாக ஏற்றி வைப்பது, கசிவை வெட்டுவது, மெதுவாக ஊட்டிக்கொண்டே இருப்பது, மாதத்துக்கு ஒரு தடவை மீட்டர் வைத்துப் பார்ப்பது, இந்த நான்கும்தான் வேலை. எஞ்சினை உறும விடுவது இந்தப் பட்டியலில் இல்லை.

ஏன் அஞ்சு நிமிஷம் உதவாது

டொல்பின் வேன் மாதிரி ஒரு டீசல் வண்டியில் 70 அம்பியர்-மணி ஸ்டார்ட்டர் பெட்டரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம் (ஒரு அம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு அம்பியர்-மணி). சாவியை எடுத்து, கதவைப் பூட்டிவிட்டுப் போன பிறகும் மணிக்கூடு, ரேடியோவின் நினைவு, சென்ட்ரல் லொக், அலாரம் ஆகியவை சேர்ந்து கொஞ்சம் மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி அம்பியர் என்பது ஒரு சாதாரண அளவு. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் ஒரு நாளைக்கு அது 0.72 அம்பியர்-மணி, ஒரு கிழமைக்கு 5, ஒரு மாதத்துக்கு 21க்கும் மேல். இரண்டு மாதத்தில் பெட்டரியில் பாதிக்கு மேல் போய்விடும். மூன்றாம் மாத முடிவில் கிளிக் என்ற சத்தம் மட்டும்தான் மிச்சம்.

இப்போது அந்த அஞ்சு நிமிஷத்தைப் பாருங்கள். ஸ்டார்ட் பண்ணும்போது போவது பெரிய தொகை இல்லை. மோட்டர் 200 அம்பியர் இழுத்தாலும் சில வினாடிகள்தான், குளிருக்காக ஹீட்டர் பிளக் சூடாவதையும் சேர்த்தால் அரை அம்பியர்-மணிக்குள் அடங்கிவிடும். சிக்கல் திரும்பி வருவதில் இருக்கிறது. ஐட்லிங்கில் அல்டர்னேட்டர் தன் முழுப் பலத்தைத் தராது. தாராளமாக 30 அம்பியர் என்று வைத்தாலும் அஞ்சு நிமிஷத்தில் இரண்டரை அம்பியர்-மணி. கிழமைக்கு 5 போகிறது, இரண்டரைக்கும் குறைவாக வருகிறது. இந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்பது தெரிந்ததே.

அதைவிட மோசமான விஷயம் ஒன்றும் இருக்கிறது. ஈய-அமில பெட்டரி கடைசி 20 வீதத்தை மிக மெதுவாகத்தான் வாங்கும். அதற்கு மணிக்கணக்கு வேண்டும். அந்தக் கடைசிப் பங்கு ஏறாமல் வாரக்கணக்கில் கிடந்தால், தகடுகளில் படியும் ஈய சல்பேற் இறுகிக் கட்டியாகிவிடும். இறுகியது பிறகு கரைவது கஷ்டம். பெட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணுகிறவருடைய வண்டி ஸ்டார்ட் ஆகிக்கொண்டேதான் இருக்கும், ஒரு நாள் ஆகாது. அதுவரை உள்ளே நடப்பது அவருக்குத் தெரியாது. எஞ்சினுக்கும் இது நல்லதில்லை. சூடாகாமலே நிறுத்தினால் எங்கள் ஈரக் காற்றில் சைலன்சரிலும் எஞ்சின் ஒயிலிலும் தண்ணீர் சேரும்.

வண்டியை ஓட்டித்தான் ஏற்றுவேன் என்றால், ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போய் வரும் அளவுக்காவது ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டுகிறவர் வண்டியை நிறுத்தி வைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

குளிரைத் திட்டாதீர்கள்

"நுவரெலியாக் குளிருக்குப் பெட்டரி நிக்காது" என்பார்கள். நிறுத்தி வைக்கும் பெட்டரிக்கு எங்கள் குளிர் ஒரு வரம். பெட்டரி எதிலும் இணைக்காமல் சும்மா கிடந்தாலும் தானாகக் கொஞ்சம் இறங்கும். அந்த வேகம் வெப்பநிலை 10 பாகை கூடினால் ஏறத்தாழ இரட்டிப்பாகும். கொழும்பில் சராசரி 27, 28 பாகை. 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் ஏறத்தாழ 16. அப்படியானால் கொழும்பில் மாதத்துக்கு 5 வீதம் தானாக இறங்கும் பெட்டரி இங்கே அதில் பாதிதான் இறங்கும். பண்டாரவளை, ஹப்புத்தளை இரண்டுக்கும் இடைப்பட்ட கணக்கு.

பிறகு ஏன் தை மாதக் காலையில் வண்டி எழும்பவில்லை? குளிரில் பெட்டரியின் பலம் குறைகிறது, எஞ்சின் ஒயில் தடிக்கிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே பாதி செத்த பெட்டரியைக் குளிர் காட்டிக்கொடுக்கிறது. தை, மாசியில் புல்லில் உறைபனி விழும் நாட்களிலும் ஏற்றி வைத்த பெட்டரி உறையாது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

குளிர் கேட்கும் ஒரே ஒரு சலுகை சார்ஜரில் இருக்கிறது. சார்ஜ் வோல்ட் அளவுகள் எல்லாம் 25 பாகைக்குச் சொல்லப்பட்டவை. அதற்குக் கீழே ஒவ்வொரு பாகைக்கும் 12 வோல்ட் பெட்டரிக்கு ஏறத்தாழ 0.018 வோல்ட் கூட்ட வேண்டும். 15 பாகை என்றால் 0.18. அதாவது 14.4 வோல்ட் தேவைப்பட்ட இடத்தில் 14.6. வெப்ப உணரி உள்ள சார்ஜர் இதைத் தானாகவே பார்த்துக்கொள்ளும். இல்லாத சார்ஜர் குளிரில் கொஞ்சம் குறைவாக ஏற்றும், ஆகவே அதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

முதலில், வண்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்

கேம்பர் வேனில் குறைந்தது இரண்டு பெட்டரி இருக்கும். ஒன்று எஞ்சினை எழுப்ப, மற்றது உள்ளே விளக்கு, பம்ப், பிரிட்ஜ், போன் சார்ஜ் போன்றவற்றுக்கு. இரண்டாவதை வீட்டுப் பெட்டரி என்றே சொல்லலாம். இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்றில்லை. லேபிளைப் படியுங்கள். மேலே மூடிகளைத் திறந்து தண்ணீர் விடும் சாதாரண பெட்டரியா, மூடிய மெயின்டனன்ஸ் ஃப்ரீயா, ஏஜிஎம்மா, ஜெல்லா, லித்தியமா என்று ஒரு துண்டில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டி வையுங்கள். சார்ஜரில் எந்த நிலையைத் தெரிவு செய்வது என்பது இதைப் பொறுத்தது. ஜெல் பெட்டரிக்கு 14.4 வோல்ட் கொடுத்தால் கெட்டுவிடும், அதற்கு 14.1 அல்லது 14.2 தான் எல்லை.

ரோசா, கோஸ்டர் பஸ்ஸை மாற்றிச் செய்த மோட்டார்ஹோம் என்றால் பெரும்பாலும் 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பெட்டரியைத் தொடராகக் கட்டியிருப்பார்கள். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், அங்கேதான் வயரிங்கில் பெரிய கூத்து நடக்கிறது.

தேவையான சாமான்கள் அதிகமில்லை: ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 10 மில்லிமீட்டர் ஸ்பேனர், அப்பச்சோடா, பழைய பல்துலக்கி, வாஸ்லின், காய்ச்சி வடித்த தண்ணீர், கண்ணுக்குக் கண்ணாடி. சார்ஜரோ சோலார் பெனலோ பிறகு.

படி 1: நிறுத்துவதற்கு முன் முழுதாக ஏற்றுங்கள்

நிறுத்தும் நாளைக்கு முதல் நாள் இரு பெட்டரிகளையும் சுவர்க் கரண்டில் இயங்கும் தானியங்கிச் சார்ஜரில் போட்டு, அது 'முழுது' என்று காட்டும்வரை விடுங்கள். 100 அம்பியர்-மணிப் பெட்டரிக்கு 10 அம்பியர் சார்ஜர் பொருத்தம். 4 அம்பியர் சார்ஜரும் வேலையைச் செய்யும், ஒரு நாள் முழுக்க எடுக்கும். பயணம் முடிந்து வந்த கையோடு "வரும்போது ஓடித்தானே வந்தது" என்று நேரே கொட்டகையில் ஏற்றிவிடாதீர்கள். அந்தக் கடைசி 20 வீதம் ஏறியிருக்காது.

தண்ணீர் விடும் வகை என்றால் மூடிகளைத் திறந்து பாருங்கள். தகடு வெளியே தெரிந்தால் அதை மூடும் அளவுக்கு மட்டும் சார்ஜுக்கு முன் விடலாம். அடையாளக் கோடு வரை நிரப்புவது சார்ஜ் முடிந்த பிறகு. ஏறும்போது திரவம் உயரும், முன்பே நிரப்பினால் அமிலம் வழிந்து கீழே உள்ள தகரத்தைத் தின்றுவிடும். ஊற்றுத் தண்ணீர் எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் விட வேண்டாம், அதில் உள்ள உப்புகள் தகட்டுக்கு ஆகாது. அமிலமும் கூட்டாதீர்கள். ஆவியாகிப் போனது தண்ணீர் மட்டும்தான்.

ஏற்றி முடித்து ஓர் இரவு அப்படியே விட்டு, காலையில் மீட்டர் வையுங்கள். உடனே பார்த்தால் மேலோட்டமாக நிற்கும் வோல்ட் ஏமாற்றும். சாதாரண பெட்டரியில் 12.6 அல்லது 12.7 காட்டினால் முழுது. ஏஜிஎம் 12.8க்கு மேல் நிற்கும். 12.4 என்றால் முக்கால், 12.2 பாதி, 12.0 கால். முழுதாக ஏற்றியும் காலையில் 12.4க்கு மேல் வராத பெட்டரி ஏற்கெனவே முடிகிற நிலையில் இருக்கிறது. அதைக் காப்பாற்ற இந்த வழிகாட்டியில் உள்ள எதுவும் உதவாது.

ஹைட்ரோமீட்டர் (பெட்டரித் திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு அறையையும் பார்க்கலாம். முழு பெட்டரியில் 1.265க்கு மேல் காட்ட வேண்டும். அந்த எண் 27 பாகைக்கு உரியது. 16 பாகையில் திரவம் அடர்த்தியாகி, உண்மையைவிட 0.008 கூடக் காட்டும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட நன்றாகக் கீழே கிடந்தால் அந்தப் பெட்டரிக்கு நாள் குறித்தாயிற்று.

அப்புறம் முனைகள். எங்கள் பனிமூட்டத்தில் முனைகளில் பச்சையாகவும் வெள்ளையாகவும் பூக்கும். கேபிளைக் கழற்றி, அப்பச்சோடாவைத் தண்ணீரில் கலக்கிப் பல்துலக்கியால் தேயுங்கள். கலவை அறைகளுக்குள் போகாதபடி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். ஈரம் போகத் துடைத்து, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் பூசுங்கள். பெட்டரியின் மேல்பக்கத்தையும் துடையுங்கள். ஈரமும் அழுக்கும் சேர்ந்த படலம் இரண்டு முனைகளுக்கும் நடுவே மெல்லிய கசிவை உண்டாக்கும்.

படி 2: கசிவைக் கண்டுபிடித்து வெட்டுங்கள்

ஸ்டார்ட்டர் பெட்டரியின் 30 மில்லி அம்பியர் ஒரு பக்கம். வீட்டுப் பெட்டரிப் பக்கம் கேம்பர்களில் இதைவிட அதிகமாகப் போகும், காரணம் நாம் பிறகு சேர்த்த சாமான்கள். முதல் குற்றவாளி இன்வேர்ட்டர். ஒன்றுமே செருகாமல் ஒன் செய்தபடி விட்ட ஒரு பெரிய இன்வேர்ட்டர் அரை அம்பியரிலிருந்து ஒரு அம்பியர் வரை இழுக்கும், ஒரு நாளைக்கு 12 முதல் 24 அம்பியர்-மணி. ஒரு கிழமையில் 100 அம்பியர்-மணிப் பெட்டரி காலி. அடுத்தது கேஸ் கசிவு அலாரம், பார்க்கிங் நிலையில் ஓடும் டேஷ் கேமரா, ஜிபிஎஸ் ட்ரெக்கர், ஸ்டீரியோ, எப்போதும் ஒளிரும் யூஎஸ்பி பொயின்ட்.

எவ்வளவு போகிறது என்று அளக்க வேண்டுமானால் மல்டிமீட்டரை 10 அம்பியர் துளைக்கு மாற்றி, மைனஸ் கேபிளுக்கும் மைனஸ் முனைக்கும் நடுவே தொடராக வையுங்கள். கதவெல்லாம் மூடி, அரை மணி நேரம் பொறுங்கள். புதிய வண்டிகளில் கணினி தூங்கப் போக அவ்வளவு நேரம் எடுக்கும். மீட்டர் இப்படி இருக்கும்போது தவறியும் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் பண்ணாதீர்கள், மீட்டரின் பியூஸ் போய்விடும். 50 மில்லி அம்பியருக்குள் என்றால் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது எண் விழுகிறது என்று பாருங்கள்.

கண்டுபிடிப்பதற்கு நேரமில்லை என்றால் எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். மைனஸ் கேபிளை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது மைனஸைக் கடைசியாக மாட்டுங்கள். பிளஸ்ஸை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும், கையில் மோதிரம் இருந்தால் இன்னும் மோசம். அடிக்கடி செய்ய வேண்டியிருந்தால் மைனஸ் பக்கம் ஒரு திருகு ஐசொலேட்டர் சுவிட்ச் போட்டுக்கொள்ளுங்கள். என் அபிப்பிராயத்தில் கேம்பரில் போடும் சாமான்களிலேயே காசுக்கு அதிகப் பலன் தருவது இந்தச் சுவிட்ச்தான்.

வெட்டுவதற்கு முன் சில விஷயங்கள். ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள். கதவைச் சாவியால் பூட்டித் திறக்க முடிகிறதா என்று பாருங்கள், ரிமோட் இனி வேலை செய்யாது. பின்கதவு மின்பூட்டில் மட்டும் திறப்பதாகவும் பெட்டரி அதற்குள்ளே இருப்பதாகவும் இருந்தால் நீங்களே வெளியே மாட்டிக்கொள்வீர்கள். ஜப்பானிலிருந்து வந்த வண்டிகளில் சில ரேடியோக்கள் கரண்ட் போய் வந்தால் பூட்டிக்கொண்டு கோட் கேட்கும். கோட் கையில் இல்லையென்றால் ஸ்டார்ட்டர் பெட்டரியை வெட்டாமல், அடுத்த படியில் உள்ளபடி ஊட்டிக்கொண்டே இருப்பதுதான் வழி.

கூரையில் சோலார் இருந்தால் ஒரு ஒழுங்கு உண்டு. பெட்டரியைக் கழற்றும் முன் பெனலைக் கன்ட்ரோலரிலிருந்து (பெனலிலிருந்து பெட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) கழற்றுங்கள். மாட்டும்போது பெட்டரி முதலில், பெனல் பிறகு. மாறிச் செய்தால் கன்ட்ரோலர் போகக்கூடும்.

படி 3: ஊட்டுவது எப்படி

இங்கே உங்கள் கொட்டகையைப் பொறுத்து மூன்று வழி.

சுவர்க் கரண்ட் இருக்கிறது என்றால் அதுதான் முதல் தெரிவு. 1 முதல் 4 அம்பியர் வரையான, ஏற்றி முடிந்ததும் தானாக 13.5 அல்லது 13.6 வோல்ட்டுக்கு இறங்கிப் பிடித்து நிற்கும் சார்ஜர் வேண்டும். கராஜில் இருக்கும் பழைய இரும்புப் பெட்டிச் சார்ஜர் வேண்டாம், அது நிறுத்தத் தெரியாமல் ஏற்றிக்கொண்டே போய் பெட்டரியைக் காயவைத்துவிடும். நல்ல சார்ஜர் பிடித்து நிற்கும்போது 5 வோட் இழுத்தாலும் மாதத்துக்கு மூன்றரை யூனிட் சொச்சம்தான் ஆகும்.

வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள். சார்ஜ் ஏறும்போது பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். தானாகத் தொடர்ந்து ஏற்றினால் சரி. பட்டனை அமுக்கும்வரை சும்மா நிற்கும் சார்ஜர்கள் உண்டு. அவை கரண்ட் போய் வரும் ஊருக்குப் பொருந்தாது. முதல் மின்வெட்டோடு தூங்கிவிடும், நீங்கள் மாதக் கடைசியில்தான் பார்ப்பீர்கள். 2022 இல் 13 மணி நேர மின்வெட்டும் எரிபொருள் வரிசையும் சேர்ந்து வந்த காலம் திரும்பாமல் இருக்கலாம், ஆனால் காற்றுக்கு மரம் கம்பியில் விழுவது மலையகத்தில் வருடா வருடம் நடக்கிறது.

வயர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. லயத்து வீடுகளிலிருந்து இழுக்கும் மெல்லிய வயரும், ஈரப் புல்லில் கிடக்கும் டேப் சுற்றிய இணைப்பும் பெட்டரியைவிடப் பெரிய நட்டத்தைத் தரும். ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பிலிருந்து மட்டும் எடுங்கள். ஏறும் பெட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஆகவே தார்ப்பாயை வண்டியோடு ஒட்டச் சுற்றிக் கட்டாதீர்கள், பெட்டரி இருக்கும் இடத்துக்குக் காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் பீடியோ விளக்கோ கூடாது. பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரத்தில் இடி மின்னல் தொடங்கினால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஒரு நாள் இரண்டு நாள் ஊட்டாமல் விட்டால் ஒன்றும் ஆகாது.

கரண்ட் இல்லாத கொட்டகை என்றால் சோலார். கூரையிலேயே பெனல் போட்டிருக்கும் வண்டிக்காரர்கள் செய்யும் வேடிக்கை, அதன் மேலேயே தார்ப்பாயைப் போர்த்திவிட்டுச் சோலார் பார்த்துக்கொள்ளும் என்று நம்புவது. கூரைக்குக் கீழே நிற்கும் வண்டிக்கும் அதே கதை. இந்த நிலையில் 20 வோட் சின்னப் பெனல் ஒன்றை வெளியே கட்டி, கன்ட்ரோலர் வழியாக இழுப்பதுதான் நல்லது. தெளிவான நாளில் அது 5 அம்பியர்-மணி வரை தரும். மழை மூடிய நாளில் ஒன்றோ ஒன்றரையோ. 30 மில்லி அம்பியர் கசிவுக்கு ஒரு நாளைக்கு 0.72 போதும் என்று பார்த்தோம், ஆகவே ஒரு பெட்டரிக்கு அது சமாளிக்கும். இரண்டுக்கும் சேர்த்து என்றால் 40 அல்லது 50 வோட் போடுங்கள்.

எந்தப் பக்கத்து மலை என்பதும் முக்கியம். மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை வெயில் கண்ணில் படாத நாட்கள் உண்டு. அதே நேரம் வெலிமடை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் காய்ந்த காற்றும் வெயிலுமாக இருக்கும். அவர்களுக்கு மழை மூட்டம் மார்கழி, தையில். ஹட்டன்காரர் வாங்க வேண்டிய பெனல் பதுளைக்காரருடையதைவிடப் பெரிது. நாம் இருப்பது வட அகலக்கோடு 7 பாகை, சூரியன் ஏறத்தாழ உச்சிக்கு வந்து போகிறது. ஆகவே சரிவு பற்றி மண்டையை உடைக்க வேண்டாம், தெற்கே பார்த்து 10 பாகை சாய்த்தால் போதும், மழைத் தண்ணீரும் வழிந்து போகும். தேயிலைக் காட்டு நிழல் மரத்தின் ஒரு கிளை பெனலின் ஒரு மூலையில் விழுந்தாலும் பாதிக்கு மேல் உற்பத்தி போய்விடும். பாசி படிந்தால் துடையுங்கள்.

பெரும்பாலான கன்ட்ரோலர்கள் வீட்டுப் பெட்டரிக்கு மட்டும்தான் ஊட்டும். ஸ்டார்ட்டர் பெட்டரிக்கும் ஊட்ட வேண்டும் என்றால் இரண்டு வெளியீடுள்ள கன்ட்ரோலரையோ, இரண்டையும் இணைக்கும் சின்னப் பராமரிப்புச் சாதனத்தையோ கேட்டு வாங்குங்கள். கேம்பரில் சோலார் இருந்தும் ஸ்டார்ட்டர் பெட்டரி செத்துக்கிடப்பதற்கு இதுதான் வழக்கமான காரணம்.

இரண்டும் இல்லையென்றால் பெட்டரிகளைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். சீமெந்துத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று பெரியவர்கள் பலகை போடச் சொல்வார்கள். இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு அந்தப் பயம் இல்லை. பலகை போடுவதாலும் கெடுதல் இல்லை, அம்மாவின் மனம் சமாதானமாக இருக்கும். அடுப்பங்கரையில் மட்டும் வைக்க வேண்டாம், பிள்ளைகளுக்கு எட்டாத காற்றோட்டமான இடமாக இருக்கட்டும்.

படி 4: போயாவுக்கு ஒரு தடவை மீட்டர்

மாதத்துக்கு ஒரு நாள் என்று முடிவெடுத்தால் மறந்துவிடும். போயா நாள் என்று வைத்துக்கொண்டால் மறக்காது, மாதத்துக்கு ஒரு தடவை வரும், லீவும்கூட. சார்ஜரை முதல் நாள் இரவே கழற்றிவிட்டு, காலையில் இரு பெட்டரிகளையும் அளந்து, எண்ணைத் தேதியோடு அந்தத் துண்டிலேயே எழுதுங்கள். 12.4க்கு வந்துவிட்டால் உடனே முழுதாக ஏற்றுங்கள். ஏஜிஎம் என்றால் 12.5லேயே ஏற்றுவது நல்லது. ஊட்டாமல் வெட்டி மட்டும் வைத்த நல்ல பெட்டரி எங்கள் குளிரில் இரண்டு மூன்று மாதம் இந்த எல்லைக்கு மேலே நிற்கும்.

அன்றைக்கு எலி வயர் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். மழைக்கு ஒதுங்கும் எலிக்கு எஞ்சின் அறைபோல் வசதியான இடம் இல்லை.

24 வோல்ட் வண்டி

24 வோல்ட் பஸ்ஸில் 12 வோல்ட் விளக்கும் ரேடியோவும் போட ஆசைப்பட்டு, இரண்டு பெட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் எடுத்துக் கொடுக்கும் பழக்கம் இங்கே நிறைய இருக்கிறது. வேலை உடனே நடக்கும், செலவும் இல்லை. ஆனால் அந்த ஒரு பெட்டரி மட்டும் இறங்கும். அல்டர்னேட்டருக்குத் தெரிவது இரண்டின் கூட்டுத்தொகை மட்டும்தான், ஆகவே இறங்கியது முழுதாக ஏறாது, இறங்காதது அளவுக்கு மேல் ஏறிக் காய்ந்துவிடும். ஒரு பெட்டரி பட்டினியாலும் மற்றது அஜீரணத்தாலும் சாகும். ஒரு கன்வேர்ட்டர் வாங்கி 24இலிருந்து 12 எடுப்பதே முறை.

நிறுத்தி வைக்கும்போது 24 வோல்ட் என்று மொத்தமாக அளந்து திருப்திப்படாதீர்கள். தனித்தனியாக அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இணைப்பைக் கழற்றி, ஒவ்வொன்றையும் 12 வோல்ட் சார்ஜரில் தனியாக முழுதாக ஏற்றிச் சமப்படுத்துங்கள். மாற்றும்போது இரண்டையும் ஒன்றாக, ஒரே வகையாக மாற்றுங்கள்.

லித்தியம் என்றால் கதை வேறு

லித்தியம் இரும்பு பொஸ்பேற் பெட்டரிக்கு மேலே சொன்ன பாதி பொருந்தாது. அதை முழுதாக ஏற்றி மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. 50, 60 வீதத்தில் வைத்து, எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, சார்ஜரையும் கழற்றிவிடுங்கள். தொடர்ந்து ஊட்டவும் வேண்டாம். உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே இருக்கும் என்பதால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். வோல்ட்டை வைத்து இதன் அளவை மதிப்பிட முடியாது, பாதியிலும் முக்காலிலும் 13.2, 13.3 என்றே காட்டும். கணக்கு வைக்கும் மொனிட்டரோ போனில் பார்க்கும் செயலியோ இருந்தால்தான் தெரியும். பூச்சியத்துக்குக் கீழே உள்ள குளிரில் லித்தியத்தை ஏற்றக் கூடாது. நுவரெலியாவில் உறைபனி விழுந்த காலை என்றால் வெயில் ஏறிய பிறகு ஏற்றுங்கள்.

ஏற்கெனவே இறங்கிக் கிடந்தால்

10.5 வோல்ட்டுக்குக் கீழே போன பெட்டரியைச் சில தானியங்கிச் சார்ஜர்கள் அடையாளமே காணாது, பெட்டரி இல்லை என்று நினைத்துச் சும்மா இருக்கும். நல்ல பெட்டரி ஒன்றை ஜம்பர் கேபிளால் சமாந்தரமாக, அதாவது பிளஸ்ஸோடு பிளஸ்ஸும் மைனஸோடு மைனஸுமாக இணைத்து, சார்ஜர் விழித்துக்கொண்ட பிறகு அதைக் கழற்றிவிடலாம். மெதுவான அம்பியரில் ஒரு நாள், இரண்டு நாள் ஏற்றுங்கள். சூடேறினாலோ, பெட்டி வீங்கினாலோ, அழுகிய முட்டை வாடை வந்தாலோ உடனே நிறுத்துங்கள். சார்ஜரில் இருக்கும் 'ரிப்பேர்' நிலை 15 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும். அதை வண்டியில் இணைத்தபடி செய்யக் கூடாது, வண்டியின் கணினி போகலாம். ஏஜிஎம், ஜெல் வகைகளுக்கு அந்த நிலையே வேண்டாம். ஏற்றி ஓர் இரவு விட்டு 12.4க்கு மேல் நின்றால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும்.

சீசனுக்கு முன் வெளியே எடுக்கும்போது

முதல் பயணத்துக்கு ஒரு கிழமைக்கு முன்பே பாருங்கள், அன்று காலையில் வேண்டாம். முழுதாக ஏற்றி, சார்ஜரைக் கழற்றி ஓர் இரவு விட்டு, மீட்டரைப் பெட்டரி முனைகளில் வைத்தபடி ஒருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். எஞ்சின் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் அது ஹப்புத்தளைக் குளிரில் ஒரு நாள் உங்களைத் தெருவில் விடும். ஓடத் தொடங்கியதும் 13.8 முதல் 14.6 வரை காட்டினால் அல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. வீட்டுப் பெட்டரிக்கு விளக்கையும் பிரிட்ஜையும் ஓர் இரவு ஓட விட்டுப் பாருங்கள்.

மாற்ற வேண்டி வந்தால் கடையில் தயாரிப்புத் தேதியைக் கேளுங்கள், அலமாரியில் ஒரு வருடம் கிடந்த பெட்டரியும் உங்கள் கொட்டகையில் கிடந்ததைப் போலத்தான். பழையதை எடைக்குப் புதியதன் விலையில் கழித்துக்கொள்வார்கள். உள்ளே இருக்கும் அமிலத்தைக் கொட்டிவிட்டுக் கொண்டுவரச் சொன்னால் கேட்காதீர்கள், அப்படியே கொடுங்கள்.